பதினோராம் கோபுரத்தின் பூட்டு

2 ஜூன்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

நான் இங்கே சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீ ஒரு வரி எழுதி மூன்று மாதம் ஆகிறது. போனில் பேசலாமே என்று கேட்காதே. காதில் வைத்துக் கேட்கிற எதுவும் எனக்கு ஆவதில்லை, லேசாகக் கரகரத்தாலே கை உதறுகிறது. உன் மாமா போன பிறகு வந்த கோளாறு இது. தபால்காரர் புண்ணியத்தில்தான் நாம் பேசிக்கொள்ள வேண்டும்.

ஒரு வேலை வந்திருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம். தலைப்பு 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்: ஓர் அறிமுகம்'. தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிடும் என்றேன். பதிப்பாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எட்டு வருஷம் காத்தாலைக்குள்ளேயே குடியிருந்தவங்க நீங்க. உங்களை விட்டா வேற யாரு எழுதுவா?" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

எட்டு வருடமும் நான் சமையலறை ஜன்னலிலிருந்து இறக்கை சுற்றுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஏன் சுற்றுகிறது என்று கேட்டால் காற்று அடிக்கிறது என்பேன். அவர் இருந்திருந்தால் சாப்பாட்டை மறந்து சொல்லிக்கொடுப்பார். இப்போது நீதான் கதி. நீயும் அவரும் ஜோடியாக வேலை பார்த்தவர்கள்தானே. ஒருவர் மேலே ஏறினால் மற்றவர் கீழே. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உனக்கும் தெரியும்.

வெயில், தண்ணீர், காற்று, மூன்றும் எனக்கு வேண்டும். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுது. அதாவது எனக்குப் புரிகிற மாதிரி.

உன் அக்கா

7 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

முதலில் வெயில். சூரியத் தகடு சூட்டில் மின்சாரம் எடுக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எடுப்பது வெளிச்சத்தில். சூடு ஏறினால் அதற்குக் கொஞ்சம் சோம்பல்கூட வந்துவிடும். நல்ல வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் சேர்ந்த நாளில்தான் அது நன்றாக உழைக்கும்.

மணலிலிருந்து பிரித்தெடுக்கிற சிலிக்கானை அப்பளம் மாதிரி மெல்லிசாக அறுத்து, அதில் இரண்டு படலங்கள் உண்டாக்குகிறார்கள். வெளிச்சம் வந்து விழும்போது உள்ளே சும்மா கிடக்கிற எலக்ட்ரானைத் தட்டி எழுப்பிவிடும். எழுந்தது வந்த வழியே திரும்ப முடியாது. இரண்டு படலத்துக்கும் நடுவில் ஒருவழிக் கதவு மாதிரி ஒன்று இருக்கிறது. அதனால் கம்பிக்குள் புகுந்து, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் தன் இடத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தச் சுற்றுப்பயணத்துக்குத்தான் மின்சாரம் என்று பெயர். தகட்டில் அசைகிற உறுப்பு எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. சுத்தமான துணியும் தண்ணீரும் இருந்தால் அதற்கு வைத்தியம் முடிந்தது. பறவை எச்சம்தான் பெரிய எதிரி.

மாமா இந்தக் கதையைச் சொல்லும்போது, "எங்க சுத்தினாலும் வீட்டுக்கு வந்து சேர்ந்துடும்டா, உன்னை மாதிரி இல்ல" என்பார். பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

தண்ணீரை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தம்பி

12 ஜூன்

அன்புத் தம்பி,

பாடம் பிரமாதம். ஒருவழிக் கதவை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டேன். பதிப்பாளர் அம்மா இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதை எழுதினவர் பள்ளிக்கூடத்துல இருக்காரா?" என்றார். ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை இருந்தார் என்றேன்.

தண்ணீரை அடுத்த கடிதத்தில் என்றாய், காற்றைப் பற்றி மூச்சே இல்லை. காற்றில் வேலை பார்க்கிறவன் காற்றைக் கடைசிக்குத் தள்ளுவது எனக்குப் புரியாமல் இல்லை. தள்ளு. ஆனால் தட்டிக் கழிக்காதே.

'தூங்குகிறேன்' என்ற வார்த்தையை மட்டும் அழித்து அழித்து எழுதியிருக்கிறாய். என்ன நடக்கிறது அங்கே?

அக்கா

17 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீருக்கு இரண்டு விஷயம்தான் கணக்கு: எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, எவ்வளவு விழுகிறது. அணையில் தேங்கிய தண்ணீரைப் பெரிய குழாய் வழியே கீழே விட்டால், அடியில் இருக்கிற டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தோடு சேர்ந்த தண்டு ஜெனரேட்டரைச் சுழற்றும். செப்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். காற்றாலையிலும் இதே ஜெனரேட்டர்தான். சாணத்தையும் குப்பையையும் மூடி வைத்துப் புளிக்கவிட்டு எடுக்கிற வாயுவை எரித்துச் சுழற்றினாலும், பூமிக்கடியில் இருக்கிற சூட்டில் வருகிற நீராவியை விட்டுச் சுழற்றினாலும் அதேதான். தள்ளுகிற கை மட்டும் வேறு வேறு.

இன்னொன்றும் எழுது. நடுப்பகலில் வெயில் மின்சாரம் மிஞ்சினால் அதை வைத்துக் கீழ் ஏரித் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றிவைப்பார்கள். சாயங்காலம் வெளிச்சம் போனதும் திறந்துவிடுவார்கள். மேலே ஏற்றியதில் பெரும்பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும்.

பாடம் முடிந்தது. நீ கேட்டதற்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நம் வாக்கி டாக்கிக் கணக்கு உனக்கே தெரியும். மேலே இரைச்சலில் பேசினால் கேட்காது என்று நானும் மாமாவும் பொத்தானைத் தட்டுவோம். ஒரு தட்டு என்றால் 'இன்னும் மேலேதான் இருக்கேன்.' இரண்டு தட்டு என்றால் 'கீழே வந்துட்டேன்.' அந்த அலைவரிசையில் இருந்தது மூன்று வாக்கிகள். ஒன்று என் இடுப்பில். மாமாவுடையது அணைந்துபோய் ஸ்டோரில் கிடக்கிறது. மூன்றாவது கம்பெனி குவார்ட்டர்ஸில் உன் சமையலறையில் இருந்தது.

அக்கா, மாமா போன மறுநாளிலிருந்து, காற்று அடிக்கிற நாளெல்லாம் மத்தியானம் மூன்று பத்துக்கு என் வாக்கியில் ஒரு தட்டு கேட்கிறது. ஒன்றே ஒன்று. பதினான்கு மாதமாக. வேறு வாக்கி மாற்றிப் பார்த்தேன், அதிலும் கேட்டது. எங்கள் பொறுப்பாளரிடம் சொன்னேன். மூக்கால் விசிலடித்துக்கொண்டே நடக்கிறாரே, அவர்தான். "மின்கம்பி இரைச்சல்பா, கண்டதையும் யோசிக்காதே" என்றார். மூன்று பத்துக்கு மட்டும் இரைகிற கம்பியை நான் பார்த்ததில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அந்த வாக்கியை நீ எடுத்துப் போனாயா? நீ தட்டுகிறாயா?

தம்பி

23 ஜூன்

தம்பிக்கு,

எடுத்து வந்தேன். பேட்டரியைக் கழற்றி, துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, பீரோ மேல் வைத்திருக்கிறேன். மாமா போன மறுநாள் சுற்றியது, இன்றுவரை பிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏழு மணி நேரம் வர வேண்டிய ஊரிலிருந்து, உயிரில்லாத வாக்கியைத் தட்டினால் உனக்குக் கேட்குமா? நான் தட்டவில்லை. அந்த டப்பாவைத் தொடவே எனக்குப் பயம்.

உனக்குப் பயமாக இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு தட்டு என்றால் அவர் இன்னும் மேலே இருக்கிறார். அதைத்தானே சொல்கிறாய்? எனக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது. பதினான்கு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீ எனக்குச் சொல்லவில்லை.

காற்றுப் பாடத்தை எழுது. எப்படிச் சுற்றுகிறது என்பதோடு எப்படி நிறுத்துகிறார்கள் என்றும் எழுது. பிள்ளைகளுக்கில்லை, எனக்கு.

அக்கா

29 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்.

காற்றாடியின் இறக்கையைக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதாகப் பிள்ளைகள் நினைக்கும். தள்ளினால் பாய்மரம் மாதிரி மெதுவாகத்தான் போகும். இறக்கை ஒரு பக்கம் வளைந்தும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கிறது. காற்று வளைந்த பக்கத்தில் வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும். இறக்கை அந்தப் பக்கம் இழுபடும். விமானம் மேலே எழும்புவதும் இப்படித்தான். மூன்று இறக்கையும் ஒருசேர இழுபட, நடுத்தண்டு சுழலும். அது நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான். பல்சக்கரப் பெட்டி அதை நூறு மடங்காக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கும். மேலே இருக்கிற அறை, ஒரு சின்ன வேன் அளவு இருக்கும், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்குத் தனி மோட்டார்கள் இருக்கின்றன.

நிறுத்துவது. இறக்கையைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படித் திருப்பினால் இழுப்புப் போய்விடும். பிறகு பிரேக். மேலே ஏறியவர் ஓர் இரும்புத் தண்டைச் செருகிச் சக்கரத்தைப் பிடித்துவைப்பார். இதெல்லாம் போக, கோபுரத்துக்குப் பத்தடி தள்ளி இருக்கிற மின்பெட்டி அறையில் சுவிட்சை 'நிறுத்து' பக்கம் திருப்பிப் பூட்டுப் போட வேண்டும். யார் ஏறுகிறாரோ அவருடைய சொந்தப் பூட்டு, அவருடைய பெயர்ச்சீட்டு. சாவி அவர் பையில் அவரோடு மேலே போகும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். பொறுப்பாளரே வந்தாலும் தொடக் கூடாது. பூட்டு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் எழுது.

மாமா கடைசியாக ஏறிய பதினோராம் கோபுரத்தில் அவர் பூட்டு இன்னும் தொங்குகிறது. அன்றைக்கு எல்லாரும் போன பிறகு நான்தான் அதைத் திரும்ப மாட்டினேன். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அதற்கு மின்சாரமே போவதில்லை, முகம் திருப்புகிற மோட்டார் ஓட வழியில்லை. சுற்றிலும் இருக்கிற காற்றாடியெல்லாம் காற்றைப் பார்த்து நிற்கும்போது, அது மட்டும் காலியாகக் கிடக்கிற உன் பழைய வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

இதற்கு மேல் கேட்காதே அக்கா.

தம்பி

4 ஜூலை

தம்பிக்கு,

உன் காற்றுப் பாடத்தை நேற்று மூன்று முறை படித்தேன். பிறகு அவருடைய பையை எடுத்துத் தரையில் கொட்டினேன்.

அன்றைக்கு அவர் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் இருந்ததென்று கம்பெனி எழுதிக்கொடுத்த பட்டியலில் ஒன்பது சாமான்கள். சீப்பு, கைக்குட்டை, பேனா, அடையாள அட்டை, கண்ணாடி, வெற்று மிட்டாய்த் தாள், பஸ் டிக்கெட், ரப்பர் வளையம், நான் எழுதிக்கொடுத்த சாமான் சீட்டு. சீட்டில் கடைசி வரி 'தேயிலை மறக்க வேண்டாம்.'

சாவி இல்லை.

சாவி அவரோடு மேலே போகும் என்று நீ எழுதியிருக்கிறாய். 'பூட்டைத் தாமே திறந்துவிட்டு, மறதியாக மீண்டும் மேலே சென்றுள்ளார். சாவி கிடைக்கவில்லை' என்று அறிக்கை சொல்கிறது. அதைத்தான் எச்சரிக்கை என்று பெரிய எழுத்தில் அச்சடித்து உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் என் புருஷனைக் கவனமில்லாத ஆள் என்று படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். பாத்திரம் கழுவினால் மூன்று முறை கவிழ்த்துப் பார்க்கிற மனிதர்.

பூட்டைத் திரும்ப மாட்டினேன் என்கிறாய். பூட்டை அழுத்தினால் சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும், சரி. திறந்தது எந்தச் சாவி? அது எங்கே? பூசி மெழுகாமல் சொல்.

அக்கா

9 ஜூலை

அக்காவுக்கு,

சாவியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். காகிதத்தில் தடித்துத் தெரிவது அதுதான். பதினான்கு மாதம் என் தலையணை உறைக்குள் இருந்தது.

மாமா ஒருமுறை மேலேயிருந்து சாவியைத் தவறவிட்டார். அரை நாள் புல்லில் தேடினோம். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். மேலே ஏறுகிறவர் சாவியைக் கீழே இருக்கிறவரிடம் கொடுத்துவிடுவார், நான் அதை மின்பெட்டி அறை ஆணியில் மாட்டுவேன். அது விதிக்கு நேர்மாறு என்று இரண்டு பேருக்கும் தெரியும். "உன்கிட்ட இருந்தா என்கிட்ட இருக்கிற மாதிரிதான்டா" என்பார்.

அன்று மூன்று மணிக்கு முடிக்க வேண்டிய வேலை நீண்டுவிட்டது. பொறுப்பாளர் அவசரப்படுத்தினார். நான் எந்தக் குறிப்பும் கேட்காமல், முடிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து காற்றாடியை ஓட்டிவிட்டேன். மாமா வேலையை முடித்து இரும்புத் தண்டை எடுத்துவிட்டார், எதையோ மறந்து திரும்ப உள்ளே போயிருக்கிறார், சுற்றத் தொடங்கிய சக்கரத்தில் சிக்கிக்கொண்டார். என் அவசரம்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை, வேறு யாரும் இல்லை. விசாரணையில் வாய் திறக்காமல் இருந்தேன். அதற்கும் நான்தான் பொறுப்பு.

இனி நீ எனக்கு எழுத வேண்டாம் என்று நினைத்தால் நியாயம்தான்.

தம்பி

14 ஜூலை

என் தம்பிக்கு,

பொய் சொல்ல உனக்கு வராது. சின்ன வயதிலும் வராது.

இரண்டு தட்டுக் கேட்காமல் நீ பூட்டில் கை வைக்க மாட்டாய். எட்டு வருடத்தில் ஒரு நாளும் வைத்ததில்லை. பொறுப்பாளர் கத்தினால் என்ன, உன் தலையில் ஏறி உட்கார்ந்தாலும் வைக்க மாட்டாய். 'வேறு யாரும் இல்லை' என்று கோடு போடாத குறையாக எழுதியிருக்கிறாய். யாரை மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை நானே எழுதுகிறேன்.

அன்றைக்கு அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைக்கத் தயாராக நின்றேன். அவர் இரண்டு தட்டுத் தட்டியதும் வைப்பது வழக்கம். மூன்று மணி தாண்டியும் சத்தம் இல்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பதினோராம் கோபுரத்தின் அடியில் மஞ்சள் தொப்பி, பின்னால் நீலப் பட்டை. பட்டையை ஒட்டியது நான், அவர் தொப்பியில். கீழே வந்துவிட்டு என்னிடம் சொல்லாமல் நிற்கிறாரே என்று, அவரைச் சீண்டுவதற்காக, அவர் தட்ட வேண்டிய இரண்டு தட்டை நானே தட்டினேன். மூன்று பத்து. சிரித்துக்கொண்டே தட்டினேன்.

தொப்பிக்குள் இருந்தது நீ. உன் தொப்பி வார் அறுந்துவிட்டதென்று அவருடையதை மாட்டிக்கொண்டாய், அவர் வேறொன்றைப் போட்டுக்கொண்டு ஏறினார். தொப்பி, சாவி, சட்டை எதிலும் உங்கள் இரண்டு பேருக்கும் உன்னுடையது என்னுடையது என்பதே கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவளும் நான்தான்.

சாயங்காலம் அந்தத் தொப்பியை உன் தலையில் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் வாக்கியைத் துணியில் சுற்றினேன். பிறகு அறிக்கை வந்தது, அவரே திறந்தார் என்று. அதைப் பிடித்துக்கொண்டேன் தம்பி. அவர் கவனமில்லாதவர் என்றால் நான் தப்பித்தேன். பதினான்கு மாதம் என் புருஷனின் பெயரைக் காலடியில் போட்டு அதன்மேல் நின்றிருக்கிறேன். அவர் மேலேயே நிற்காமல் வேறு எங்கே போவார்?

விசாரணையைத் திரும்பக் கூட்டச் சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு. என்ன வந்தாலும் வரட்டும். அந்தத் தாள் அந்தப் பலகையிலிருந்து இறங்க வேண்டும். 26-ஆம் தேதி சனிக்கிழமை காலை பஸ்ஸில் சாவியோடு வருகிறேன். அவர் பூட்டை அவர் சாவியால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து திறப்போம்.

அக்கா

18 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம். இரண்டு தட்டுக் கேட்டது. கேட்டுத்தான் திறந்தேன். மாமாவை இறக்கியபோது அவர் வாக்கியில் பேட்டரி தீர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். மூன்றில் ஒன்று என் இடுப்பில், ஒன்று செத்துவிட்டது, மிச்சம் ஒன்று எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாதா? உனக்கு அது தெரியாமலே போகட்டும் என்றுதான் சாவியை ஒளித்தேன். மாமா பெயர் கெடுவதைப் பார்த்துக்கொண்டு, உன்னையாவது காப்பாற்றினேன் என்று இருந்தேன். நீ அங்கே தனியாக அதையே சுமந்துகொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த முறை விசிலடிக்கவில்லை. புதன்கிழமை விசாரணைக்காரர்கள் வருகிறார்கள். உன் கடிதத்தைக் கொடுக்கிறேன், சாவிப் பழக்கத்தையும் எழுதிக் கொடுக்கிறேன். என் வேலை போகலாம். போனால் உன் புத்தகத்துக்குப் படம் வரைகிறேன்.

நேற்றும் மூன்று பத்துக்கு ஒரு தட்டுக் கேட்டது. முதல் முறையாகப் பதில் சொன்னேன். பொத்தானை அமுக்கி, "சொல்லிட்டேன் மாமா" என்றேன்.

தம்பி

24 ஜூலை, வியாழன்

அன்புத் தம்பி,

இதை எழுதும்போது மணி நாலு. சனிக்கிழமை வரப்போகிறவள் எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். நாளைக்கு நானே இதை நம்ப மாட்டேன் என்றுதான் இன்றைக்கே எழுதிவைக்கிறேன்.

காற்றுப் பாடத்தின் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பீரோ மேலிருந்து சத்தம் வந்தது. தகர டப்பாவுக்குள் நகத்தால் தட்டுவது மாதிரி. இரண்டு தட்டு. கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று பத்து. நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினேன். துணி சுற்றியது சுற்றியபடி இருந்தது. பிரித்தேன். பேட்டரி தனியாக, வாக்கி தனியாக. பீரோ மேலேயே நீ அனுப்பிய சாவி, நான் வைத்த இடத்தில்.

கை உதறும் என்று பார்த்தேன். உதறவில்லை. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். வேறு என்ன செய்வேன், எட்டு வருடப் பழக்கம். இரண்டு டம்ளரில் ஊற்றினேன். எதிரில் இருப்பது இன்னும் ஆறவில்லை, ஆவி பறந்துகொண்டே இருக்கிறது. நான் ஊற்றி முக்கால் மணி நேரம் ஆகிறது.

உனக்கு வேலை போனாலும் போகாவிட்டாலும், சனிக்கிழமை பூட்டைத் திறந்ததும் என்னோடு கிளம்பி வா. கொஞ்ச நாள் இங்கே இரு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேலும் அவருக்கு இல்லை போலிருக்கிறது.

உன் அக்கா

24 ஜூலை, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் நீயே வந்துவிடுவாய். ஆனாலும் எழுதாமல் இருப்புக்கொள்ளவில்லை.

நேற்று விசாரணை முடிந்தது. இன்று காலை அந்தத் தாளைப் பலகையிலிருந்து கிழித்துவிட்டார்கள். பொறுப்பாளரே கிழித்தார். என்னைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். அது இருக்கட்டும்.

மூன்று பத்துக்கு வாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காற்று நன்றாக அடித்தது. சத்தம் வரவில்லை. நாலு மணி வரை இருந்தேன். வரவில்லை அக்கா. பதினான்கு மாதத்தில் காற்றடித்தும் தட்டு வராத நாள் இதுதான்.

மனசு கேட்காமல் பதினோராம் கோபுரத்துக்குப் போனேன். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். உன் பழைய ஜன்னலை விட்டுவிட்டு, மற்றதெல்லாம் போலக் காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. மின்பெட்டி அறைக்குள் போனேன். பூட்டு சுவிட்சில் இல்லை. திறந்து, ஆணியில் மாட்டியிருக்கிறது, மாமா எப்போதும் மாட்டுகிற மாதிரி வளையம் சுவர்ப் பக்கமாக. உடைத்த தடயம் எதுவும் இல்லை. அதற்கு வேறு சாவி கிடையாது. இருக்கிற ஒரே சாவி உன்னிடம்.

நீ சொல்லாமல் வந்து போனாயா? காவலாளியைக் கேட்டேன். யாரும் வரவில்லை என்கிறார்.

மாமா கீழே இறங்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு தட்டுக்கூடச் சொல்லாமல் எங்கே போனார்? உனக்கு ஏதாவது தெரியுமா அக்கா?

தம்பி